1,200 டாலர் மெஷின் வாங்கினா தோட்டா செலவு குறையுமா? ஒரு பிரேக்-ஈவன் கணக்கு



போன மாசம் நம்ம சேனலுக்கு ஒரு மெசேஜ் வந்தது. அனுப்பினவர் எங்க கீழ்பென்னாத்தூர்ப் பையன். அப்பா அம்மா இங்கேதான் இருக்காங்க. இவர் அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்தில் வேலை பார்க்கிறார். கிரீன் கார்டு கிடைச்சு ஒரு வருஷம் ஆகுது. ஆபீஸ் நண்பர்களோட ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போக ஆரம்பிச்சு, இப்போ அது வாராந்திரப் பழக்கம் ஆயிடுச்சு.

அவர் கேட்டது இதுதான்: "அண்ணா, கடையில தோட்டா வாங்கி வாங்கி கை கடிக்குது. வீட்டிலேயே தோட்டாவை ரீலோட் பண்ற ப்ரோக்ரெஸிவ் பிரஸ்னு ஒரு மெஷின் இருக்கு. செட்டப் எல்லாம் சேர்த்து 1,200 டாலர். காசு மிச்சம்னு எல்லாரும் சொல்றாங்க. வாங்கலாமா? மிச்சம் இருக்கறதை நண்பர்களுக்கு வித்தா சைடு இன்கம் ஆகுமா? தீபாவளிக்கு ஊருக்கு வரேன். அப்பாகிட்ட காட்ட ரெண்டு காலி கேஸ் எடுத்துட்டு வரட்டுமா?"

மெசேஜ் ஒண்ணு, கேள்வி மூணு. முதல் கேள்வி பணத்தைப் பத்தினது, ரெண்டாவது தொழிலைப் பத்தினது. மூணாவதைத்தான் அவர் சும்மா கேட்டிருந்தார். ஆனா மூணுலயும் பெரிய ரிஸ்க் அதுலதான் இருக்கு.

நம்ம சேனல் பார்க்கிறவங்கள்ல பலர் அமெரிக்காவில் இருக்கீங்க, இல்லைன்னா போகப் போறீங்க. துப்பாக்கி பக்கமே போகாதவங்களுக்கும் இந்தக் கணக்கு உதவும். "இதை வாங்கினா காசு மிச்சம்"னு சொல்லி விற்கிற எந்த மெஷினுக்கும் இதே கணக்குதான்.

முதல்ல, மெஷின் என்ன பண்ணுது?

ஒரு தோட்டாவில் நாலு பாகம். வெளியே இருக்கிற பித்தளைக் கூடு, அதுக்குப் பேர் கேஸ். அடியில் தீப்பொறி கொடுக்கிற பிரைமர். உள்ளே பவுடர். முனையில் பறந்து போகிற புல்லட். சுட்ட பிறகு மிச்சம் இருக்கிறது கேஸ் மட்டும்தான். அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடியும் என்பதுதான் ரீலோடிங்கின் மொத்தப் பொருளாதாரமும். மத்த மூணையும் புதுசா வாங்கி, கேஸைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, திரும்ப ஒண்ணு சேர்க்கணும்.

இதுக்கு மூணு வகை பிரஸ் இருக்கு.

சிங்கிள் ஸ்டேஜ்: ஒரு தடவை லீவரை இழுத்தா ஒரே ஒரு வேலை நடக்கும். ஒரு தோட்டா முழுசாக பல தடவை இழுக்கணும். ஆர்சிபிஎஸ் கம்பெனியின் ராக் சக்கர் இந்த வகையில் பெயர் பெற்றது. மெதுவானது, விலை குறைவு, கெட்டுப்போகவும் அதிகம் ஒண்ணும் இல்லை.

டரட்: டை எனப்படும் அச்சுகளை ஒரு சுழலும் தட்டில் மாட்டி வச்சிருக்கும். ஒவ்வொரு வேலைக்கும் அச்சைக் கழற்றி மாட்டுகிற நேரம் மிச்சம். நடுத்தர வேகம்.

ப்ரோக்ரெஸிவ்: ஒரே இழுப்பில் எல்லா ஸ்டேஷன்லயும் ஒரே நேரத்துல வேலை நடக்கும். ஒரு கேஸ் ரெடியாகும்போது, இன்னொண்ணுல பவுடர் விழும், மற்றொண்ணுல புல்லட் உட்காரும். மெஷின் நிரம்பின பிறகு ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டா வெளியே விழும். டில்லன் கம்பெனியின் ஆர்எல் 550 மாடலில் நாலு ஸ்டேஷன், தட்டை நாமதான் கையால் திருப்பணும். எக்ஸ்எல் 750 மாடலில் அஞ்சு ஸ்டேஷன், தட்டு தானாகவே திரும்பும். ஹார்னடியின் லாக்-என்-லோட் ஏபி மாடலும் அஞ்சு ஸ்டேஷன், தானாகத் திரும்புவது. லீ கம்பெனியின் சிக்ஸ் பேக் ப்ரோவில் ஆறு ஸ்டேஷன், விலையில் மத்ததை விடக் கீழே.

ஒரு விஷயம்: நீங்க சுடறது .22 எல்ஆர் என்றால் இந்தப் பதிவே உங்களுக்குத் தேவையில்லை. அது ரிம்ஃபயர், அதாவது வெடிமருந்து கேஸின் விளிம்புக்குள்ளேயே இருக்கும். சாதாரண பிரஸ்ல அதை ரீலோட் பண்ண முடியாது. அது விலையும் குறைவு.

கணக்குக்கு வருவோம்

தம்பிகிட்ட நான் முதல்ல கேட்டது மெஷின் விலையை இல்லை. "மாசம் எத்தனை தோட்டா சுடறீங்க?" என்றேன்.

"500 இருக்கும்ணா."

"இருக்கும்னா எப்படி? கடந்த ஆறு மாச கார்டு ஸ்டேட்மென்ட்டை எடுங்க. தோட்டாவுக்குக் கொடுத்த பணத்தைக் கூட்டி, ஒரு தோட்டா விலையால வகுத்துச் சொல்லுங்க."

ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்தது. சராசரி 200. நம்ம மனசுல இருக்கிற எண்ணும் ஸ்டேட்மென்ட்டில் இருக்கிற எண்ணும் ஒண்ணா இருக்கவே இருக்காது. ஜிம் மெம்பர்ஷிப் எடுத்தவங்களுக்கு இது தெரியும்.

இப்போ சில எண்களை எடுத்துக்குவோம். இவை கணக்குப் புரியறதுக்காக நான் வச்சுக்கிற எண்கள். விலை மாறிக்கிட்டே இருக்கும், அதனால உங்க ஏரியா விலையைப் போட்டுப் பார்த்துக்கோங்க.

9 எம்எம் தோட்டா கடையில் ஒண்ணு 26 சென்ட். அதையே பழைய கேஸில் ரீலோட் பண்ணினா பிரைமர், பவுடர், புல்லட் மூணும் சேர்த்து 18 சென்ட். மிச்சம் 8 சென்ட். ப்ரோக்ரெஸிவ் செட்டப் 1,200 டாலர், சிங்கிள் ஸ்டேஜ் செட்டப் 400 டாலர்.

மாசம் 500 சுட்டா: மிச்சம் 40 டாலர். 1,200ஐ 40ஆல் வகுத்தா 30 மாசம். ரெண்டரை வருஷத்துல போட்ட காசு திரும்பிடும். கேட்க நல்லாத்தான் இருக்கு.

மாசம் 200 சுட்டா: மிச்சம் 16 டாலர். 1,200 டாலர் திரும்ப 75 மாசம். அதாவது ஆறேகால் வருஷம்! சிங்கிள் ஸ்டேஜ் என்றால் 25 மாசம்.

இன்னொண்ணு கவனிங்க. அந்த 1,200 டாலரை 24% வட்டி இருக்கிற கிரெடிட் கார்டுல போட்டு, அசலைக் கட்டாம வச்சிருந்தா, மாச வட்டி மட்டும் 24 டாலர். மெஷின் மாசம் மிச்சப்படுத்துறது 16 டாலர். இந்த ஓட்டத்துல மெஷின் ஜெயிக்கவே ஜெயிக்காது. மிச்சம் பண்றதுக்காக வாங்கற பொருளைக் கடன்ல வாங்காதீங்க. இது இந்தப் பதிவுல நான் சொல்ற முதல் விதி.

வேகத்துக்கு என்ன விலை?

"ஆனா அண்ணா, சிங்கிள் ஸ்டேஜ்ல நேரம் ஆகுமே?" நியாயமான கேள்விதான். நேரத்தையும் கணக்குல கொண்டு வருவோம்.

சிங்கிள் ஸ்டேஜ்ல மணிக்கு 60 தோட்டா, ப்ரோக்ரெஸிவ்ல நிதானமா ஓட்டினா மணிக்கு 300 என்று வச்சுக்குவோம். மாசம் 200 தோட்டாவுக்கு முதல் மெஷின்ல 3 மணி 20 நிமிஷம். ரெண்டாவதுல 40 நிமிஷம். வித்தியாசம் மாசத்துக்கு 2 மணி 40 நிமிஷம். அஞ்சு வருஷத்துல 160 மணி நேரம்.

இந்த 160 மணி நேரத்தை வாங்க அவர் அதிகமாகக் கொடுக்கிறது 800 டாலர். ஒரு மணி நேரத்துக்கு 5 டாலர்.

அது மோசமான விலை இல்லை! வீட்டில் சின்னக் குழந்தை இருக்கு, சனிக்கிழமை மட்டும்தான் நேரம் என்றால் 5 டாலருக்கு ஒரு மணி நேரம் லாபம்தான். ஆனா அப்போ நீங்க வாங்கறது நேரத்தை. காசு மிச்சம் பண்றேன்னு வீட்டில் சொல்லாதீங்க. அந்த மெதுவான வேலையே பிடிச்சிருக்கு, மனசுக்கு அமைதியா இருக்கு என்றால், இந்த 800 டாலர் செலவே தேவையில்லை.

இதுக்கு நேர்மாறான ஒரு கேஸும் இருக்கு. தூர இலக்கு சுடறவங்க வாங்கற மேட்ச் தரத் துப்பாக்கித் தோட்டா விலை அதிகம். கடையில் ஒண்ணு 1.60 டாலர், ரீலோட் பண்ணினா 90 சென்ட் என்று வையுங்க. மிச்சம் 70 சென்ட். மாசம் 100 சுட்டாலே 70 டாலர் மிச்சம். 400 டாலர் சிங்கிள் ஸ்டேஜ் ஆறு மாசத்துக்குள்ள காசைத் திருப்பிக் கொடுத்துடும். அவங்க ஒவ்வொண்ணா அளந்து பார்த்துச் செய்ய விரும்புறதால வேகமும் பெரிசா வேண்டாம். அதாவது விலை குறைஞ்ச மெஷின்தான் இங்கே அதிகமா மிச்சப்படுத்துது.

அப்போ யாருக்கு ப்ரோக்ரெஸிவ் பொருந்தும்? மாசம் ஆயிரம் தோட்டா அளவுக்குப் போட்டிக்காகப் பயிற்சி எடுக்கிறவங்களுக்கு. மேலே சொன்ன எண்ணிலேயே மாசம் 80 டாலர் மிச்சம், 15 மாசத்துல காசு திரும்பிடும். மத்தவங்களுக்கு அது ஒரு ஆசை. ஆசைப்படறது தப்பில்லை, ஆனா அதை பட்ஜெட்ல சரியான இடத்துல எழுதணும்.

மெஷின் வந்தா பழக்கமும் மாறும்

ரீலோடிங் பண்றவங்க மத்தியிலேயே ஒரு பழைய ஜோக் உண்டு: ரீலோட் பண்ணினா காசு மிச்சம் ஆகாது, அதே காசுக்கு அதிகமா சுடுவீங்க, அவ்வளவுதான்.

தம்பி கணக்குல இதைப் போட்டுப் பார்ப்போம். இப்போ மாசம் 200 தோட்டா, ஒண்ணு 26 சென்ட். செலவு 52 டாலர். மெஷின் வந்த பிறகு "இப்போதான் விலை குறைவாச்சே"ன்னு 400 சுடறார், ஒண்ணு 18 சென்ட். செலவு 72 டாலர். ஒரு தோட்டா விலை குறைஞ்சது, மாச பில் 20 டாலர் ஏறிடுச்சு. அதுக்கு மேல மெஷின் விலை 1,200 டாலர் தனி!

மத்த மறைமுகச் செலவும் இருக்கு. தராசு, அளவுக் கருவி, கேஸ் சுத்தம் பண்ற டம்ளர், இன்னொரு அளவு தோட்டாவுக்கு மாறினா அதுக்கான கன்வெர்ஷன் கிட். சுட்ட பிரைமர் துகளில் ஈயம் இருக்கும். குழந்தை இருக்கிற வீட்டில் டைனிங் டேபிள்ல வச்சுச் செய்யற வேலை இல்லை இது. பவுடர், பிரைமர் சேமிப்புக்கும் வரம்பு உண்டு. அமெரிக்காவின் என்எஃப்பிஏ 495 விதிமுறைப்படி வீட்டில் பவுடர் 20 பவுண்டு வரை கம்பெனி டப்பாவிலேயே, பிரைமர் 10,000 வரை. அபார்ட்மெண்ட் லீஸ் ஒப்பந்தமும் இன்சூரன்ஸும் என்ன சொல்லுதுன்னு தனியாப் படிக்கணும்.

பாதுகாப்பு விஷயத்துலயும் வேகம் இலவசம் இல்லை. நாலஞ்சு வேலை ஒரே நேரத்துல நடக்கும்போது ஒரு கேஸில் பவுடர் விழாம போனாலோ, ரெண்டு தடவை விழுந்தாலோ கண்ணுக்குத் தப்பிடும். விழாம போனா புல்லட் குழலிலேயே சிக்கிக்கும். அது தெரியாம அடுத்ததைச் சுட்டா துப்பாக்கி வெடிக்கலாம். ரெண்டு மடங்கு விழுந்தாலும் அதே ஆபத்து. அதனாலதான் அஞ்சாவது ஸ்டேஷன்ல பவுடர் அளவைச் சரிபார்க்கிற கருவி போடறாங்க. புதுசா ஆரம்பிக்கிறவங்க சிங்கிள் ஸ்டேஜ்ல ஒவ்வொரு படியையும் கத்துக்கிட்டுப் பிறகு மாறட்டும்னு அனுபவஸ்தர்கள் சொல்றதுக்கும் காரணம் இதுதான். ரீலோட் பண்ணின தோட்டாவால சேதம்னா பல துப்பாக்கிக் கம்பெனிகள் வாரண்டி கொடுக்கறதில்லை என்பதையும் சேர்த்துக்கோங்க.

சைடு இன்கம்? வேண்டாம்

அமெரிக்க ஃபெடரல் சட்டப்படி சொந்த உபயோகத்துக்கு ரீலோட் பண்ண லைசென்ஸ் தேவையில்லை. விற்கறதுக்காகத் தயாரிச்சா கதை வேற. தோட்டா தயாரிப்பாளருக்கான டைப் 06 லைசென்ஸ் வேணும். அதோட தோட்டா விற்பனைக்கு 11% எக்ஸைஸ் வரி இருக்கு. நீங்க வித்த தோட்டாவால ஒருத்தர் கைவிரல் போச்சுன்னா நஷ்டஈடு உங்க தலையில. ஒரு தோட்டாவுக்கு சில சென்ட் லாபத்துக்கு இவ்வளவு பொறுப்பை எந்த சிஏவும் சரின்னு சொல்ல மாட்டார்.

எச்-1பி, எஃப்-1ல இருக்கிறவங்க இதைக் கட்டாயம் படிங்க

தம்பிகிட்ட கிரீன் கார்டு இருக்கு, அதனால ஃபெடரல் சட்டத்துல அவருக்குத் தடை இல்லை. மாநில விதிகளை மட்டும் பார்த்துக்கணும். ஆனா எச்-1பி, எஃப்-1 மாதிரி நான்-இமிகிரண்ட் விசாவில் இருக்கிறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்க ஃபெடரல் சட்டம் தடை போடுது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு மட்டும்தான் உண்டு.

அந்தச் சட்டத்துல "அம்யூனிஷன்" என்ற சொல்லுக்குள்ள முழுத் தோட்டா மட்டும் இல்லை. கேஸ், பிரைமர், புல்லட், பவுடர் எல்லாமே அடக்கம். "நான் துப்பாக்கி வாங்கலையே, பிரைமர் டப்பாதானே ஆர்டர் பண்ணினேன்" என்பது பதில் ஆகாது. இதுல போகப் போறது 1,200 டாலர் இல்லை, விசாவும் வேலையும். நண்பர் கூப்பிட்டார்னு போறதுக்கு முன்னாடி ஒரு இமிகிரேஷன் வக்கீலைக் கேளுங்க. அந்த ஃபீஸ் நல்ல செலவு.

கடைசியா, அந்தக் காலி கேஸ்

"அப்பாகிட்ட காட்ட ரெண்டு காலி கேஸ்." இதுக்கு என் பதில் ஒரே சொல்: வேண்டாம்.

நம்ம நாட்டு ஆயுதச் சட்டம் 1959ல் பிரிவு 2, "அம்யூனிஷன்" என்றால் என்னன்னு சொல்லுது. அதுல தோட்டாவின் பாகங்களும் வருது. தோட்டா தயாரிக்கிற மெஷினும் வருது! அமெரிக்காவில் ஸ்பேனர் மாதிரி கடையில் வாங்கற அந்த பிரஸ், இங்கே சட்டத்தின் பார்வையில் தோட்டாவோட சேர்ந்தது. அதனால "பழைய பிரஸ்ஸை சூட்கேஸ்ல போட்டு ஊருக்குக் கொண்டு வந்துடலாமா" என்ற யோசனையும் வேண்டாம். இங்கே லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிச்சா, 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைஞ்சபட்ச தண்டனை ஏழு வருஷம், அதிகபட்சம் ஆயுள்.

ஏர்போர்ட் ஸ்கேன்ல பையில ஒரே ஒரு தோட்டா சிக்கி வழக்காகிற சம்பவங்கள் நம்ம நாட்டுல புதுசு இல்லை. பெரும்பாலும் "மறந்துட்டேன், பழைய பையில் இருந்திருக்கு" என்பதுதான் விளக்கம். தெரிஞ்சே வச்சிருந்தாரா என்பது முக்கியம்னு சுப்ரீம் கோர்ட் 1972லேயே குன்வந்த்லால் வழக்கில் சொல்லியிருக்கு. அதன் அடிப்படையில் பல வழக்குகளை உயர் நீதிமன்றங்கள் ரத்து பண்ணியும் இருக்கு. ஆனா அது வரைக்கும் எஃப்ஐஆர், வக்கீல், தவறிப்போன ஃப்ளைட், லீவு முடிஞ்சும் திரும்ப முடியாத வேலை எல்லாத்தையும் சுமக்கறது யார்? காலி கேஸ்தானேன்னு வாதாடலாம், ஆனா அந்த வாதத்தைப் போலீஸ் ஸ்டேஷன்லயும் கோர்ட்லயும்தான் வைக்கணும்.

அதனால ரேஞ்சுக்கு ஒரு பை, பயணத்துக்கு ஒரு பை. ரெண்டும் கலக்கவே கூடாது. இதுக்கு 30 டாலர் ஆனாலும், இந்தப் பதிவுல சொன்ன எல்லாச் செலவுலயும் லாபமானது இதுதான்.

ஊர்ல இருக்கிறவங்களுக்கு ஷூட்டிங் ஆசை இருந்தா ரைஃபிள் கிளப் வழியா 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பக்கம் போங்க. 4.5 எம்எம் அளவுக்கு மேல போகாத, 20 ஜூல் சக்திக்கு உள்ளே இருக்கிற ஏர்கன்னுக்கு ஆர்ம்ஸ் லைசென்ஸ் தேவையில்லை. பவுடரும் இல்லை, ரீலோடிங்கும் இல்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக் போனது இந்தப் பிரிவில்தான்.

எந்த மெஷினுக்கும் மூணு கேள்வி

எங்க ஊர்ப் பக்கம் மல்லாட்டை விளையற ஏரியா. "வீட்டு எண்ணெய் மெஷின் வாங்கினா சுத்தமான எண்ணெய், காசும் மிச்சம்"னு இங்கேயும் பலர் கேட்கறாங்க. பதில் ஒண்ணுதான்.

ஒண்ணு: நிஜமா மாசம் எவ்வளவு பயன்படுத்தறீங்க? மனசுல இருந்து சொல்லாதீங்க, ஆறு மாச பில்லைப் பார்த்துச் சொல்லுங்க.

ரெண்டு: மெஷின் விலையை மாச மிச்சத்தால வகுத்தா எத்தனை மாசம் வருது? 24 மாசத்துக்கு மேல போனா அது சேமிப்பு இல்லை, பொழுதுபோக்கு. பட்ஜெட்ல பொழுதுபோக்குப் பக்கத்துல எழுதுங்க.

மூணு: மெஷின் வந்த பிறகு பயன்பாடு ரெண்டு மடங்கானா மாச பில் எங்கே நிற்கும்?

தம்பி இப்போதைக்கு ப்ரோக்ரெஸிவ் வாங்கலை. ஆறு மாசம் எண்ணி எழுதி வைக்கறேன், அப்பவும் ஆசை இருந்தா ரொக்கமா ஒரு சிங்கிள் ஸ்டேஜ் வாங்கறேன்னு சொல்லியிருக்கார். தீபாவளிக்கு வரும்போது அப்பாவுக்கு என்ன கொண்டு வரட்டும்னு திரும்பக் கேட்டார். "ரேஞ்சுல எடுத்த போட்டோ போதும் தம்பி, அதை எந்த ஸ்கேனரும் பிடிக்காது" என்றேன்.

அடுத்த பதிவில் சந்திப்போம். உங்க வீட்டில் "காசு மிச்சம்"னு வாங்கி மூலையில் கிடக்கிற மெஷின் எது? அதோட விலையையும் சேர்த்து எழுதி அனுப்புங்க, கணக்குப் போட்டுப் பார்த்துடுவோம்.